தேவராஜ் செதுக்கிய இன்ஜின் கொட்டகை

தேவராஜ் போய்விட்டான் என்று அவன் மனைவி போனில் சொன்னபோது எனக்கு அழுகை வரவில்லை. “கடைசியா யார திட்டினான்?” என்றுதான் கேட்டேன். “நர்ஸத்தான்” என்றாள். அவனைத் தெரிந்த உங்களுக்கு இதில் ஆச்சரியம் இருக்காது.

கூனிமேட்டு ஓவியர் பட்டறையில் ஒரே அச்சு இயந்திரத்தை அவனும் நானும் பல வருடம் பங்கு போட்டுக்கொண்டோம். என் படங்களைப் பார்த்து, “பல்பொடி பாக்கெட்டுக்கு நல்லா இருக்கும்டி” என்பான். பாவி, பாதி நேரம் அது உண்மையாகவும் இருந்து தொலைக்கும்.

அவன் பெயர் நிற்கப்போவது, மரப்பலகையில் செதுக்கி அச்சிட்ட ‘இன்ஜின் கொட்டகை’யால்தான். மரக்காணம் உப்பளத்தை எல்லோரும் சூரிய உதயத்தோடு வரைந்தபோது, அவன் வானத்தையே வெட்டி எறிந்தான். படத்தில் முக்கால் பங்கு, உப்புநீர் இறைக்கும் இன்ஜினின் கறுப்பு. உப்புக் குவியல்கள் மை படாத வெறும் காகிதம். பார்த்தால் கண் கூசும். சக்கரத்தின் ஓரமாக ஓர் ஆள், புகைக்குழாய் வளைந்த அதே கோணத்தில் வளைந்து நிற்பான். முகத்தில் ஒரு கோடு கிடையாது. “மூஞ்சி வச்சா ஜனங்க ஐயோ பாவம்னுட்டு போயிடுவாங்க, இன்ஜின பார்க்க மாட்டாங்க” என்றான். சரியாகத்தான் சொன்னான். இந்தக் கடற்கரையை அதைவிட நன்றாக யாரும் அச்சில் எடுக்கவில்லை.

அந்த ஆள் முருகேசன், இன்ஜின் ஓட்டியவர். மறுவருடம் அந்தக் கொட்டகையிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்து செத்தார். அவர் மனைவி அஞ்சலை பட்டறைக்கு வந்தாள். “ரேஷன் கார்டுல இருக்கறது யாரோ மாதிரி இருக்குதுங்க. நீங்க போட்டதுல வேல செய்யற மாதிரி இருக்காராமே. ஒண்ணு குடுங்க சார்” என்றாள்.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. வேண்டிய பிரதிகளை எடுத்ததும், மறுபடி அச்சிட முடியாதபடி பலகையைக் கீறிவிடுவோம். தேவராஜ் அதுவரை கீறாமல் வைத்திருந்தான். “ஒண்ணே ஒண்ணு எடுத்துக் குடேண்டா” என்றேன். அவன் உளியை எடுத்து, அவள் கண்ணெதிரே பலகையை மூலைக்கு மூலை கீறினான். “முடிஞ்சிருச்சும்மா, போ.” அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு போனாள். எனக்கு அவனை அறையலாம் போலிருந்தது. வெகுநாள் அவனோடு பேசவில்லை. அவனுக்கு அது உறைக்கவும் இல்லை.

அவன் காரியம் முடிந்ததும், சுவரில் அவன் தனக்கென்று மாட்டியிருந்த பிரதியை அவன் மனைவி கழற்றி எனக்குக் கொடுத்தாள். நேரே அனுமந்தைக்கு, அஞ்சலை வீட்டுக்குக் கொண்டுபோனேன். கையைப் புடவையில் துடைத்துவிட்டு வாங்கினாள். வாசல் வெளிச்சத்தில் வெகுநேரம் பார்த்தாள்.

“இதுல அவரு எங்க இருக்காரும்மா?”

விரல் வைத்துக் காட்டினேன்.

“மூஞ்சி?”

“வைக்கலம்மா. அப்படித்தான் போட்டான்.”

படத்தை என் கையிலேயே திருப்பி வைத்தாள். “இது அந்த இன்ஜின்தாம்மா. அவர தின்ன சனியன ஊட்ல மாட்டச் சொல்றியா?”

தேவராஜிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்தப் படம்தான். என் வீட்டில் மாட்டியிருக்கிறேன். அற்புதமான படம்.