கங்காணி தட்டாத கதவு

இலங்கை மலைநாட்டில், பதுளைக்கு ரயில் வருவதற்குப் பத்துப் பன்னிரண்டு வருடங்களுக்கு முன் இது நடந்தது. ஹாலிஎலைக்கு அருகே ஒரு தோட்டத்தில் நான் கொழுந்தைத் தூளாக்கும் தேயிலை ஸ்டோரில் வேலை பார்த்தேன். என் மனைவி கொழுந்து பறித்தாள். இப்போது ரயில் வந்ததும் எங்கள் பக்கத்தில் ஆளாளுக்குக் காணி வாங்கும் ஆசை பிடித்திருக்கிறது. அவர்களுக்காகத்தான் வெட்கத்தை விட்டு இதை எழுதுகிறேன்.

நாங்கள் குடியிருந்த வரிசை வீடுகளான லயத்தில், விடியுமுன்பே கங்காணி, ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குக் கூப்பிட்டுக் கதவைத் தட்டுவார். காய்ச்சல் என்றாலும் தட்டுவார், பிள்ளை பெற்ற வீடென்றாலும் தட்டுவார். எங்கள் மூத்த பெண்ணை அடக்கம் செய்த மறுநாளும் தட்டினார். அன்றுதான் என் மனைவி சொன்னாள்: “கங்காணி தட்டாத கதவு ஒண்ணு நமக்கு வேணுங்க.”

அதற்காகவே மாடு வளர்த்துப் பால் விற்றோம். ஆறு வருடம் கழித்து, மாடுகளையும் அவள் கழுத்துச் சங்கிலியையும் விற்று, தோட்டத்துக்கு வெளியே ஒரு சிங்களக் கிராமத்தில் கால் ஏக்கர் பார்த்தோம். விற்க வந்தவர், வேலி போட்டிருந்த அந்தத் துண்டைக் கையால் காட்டி, தான் ஆண்டுவருவது இதுதான் என்றார்.

நான் லேசுப்பட்டவனா? முழங்கால் ஆழம் குழி வெட்டி, அதே மண்ணைத் திரும்பப் போட்டு, மிச்சம் விழுகிறதா என்று பார்த்தேன். ஓடைத் தண்ணீரைக் குடித்துப் பார்த்தேன். இந்தியாவில் அப்பா நிலம் வாங்கும்போது பார்த்ததையெல்லாம் ஒன்றுவிடாமல் பார்த்தேன். இந்த ஊரில் காணி வழக்கம் என்ன என்று மட்டும் ஒருவரிடமும் கேட்கவில்லை.

பதுளையில் பத்திரம் எழுதும் நொத்தாரிசு, காணிப் பத்திரமான உறுதியைச் சிங்களத்தில் வாசித்தார். முடித்ததும் “விளங்குதா?” என்று என்னைத் தமிழில் கேட்டார். எனக்குத் தெரிந்ததெல்லாம் கடைத்தெருச் சிங்களம், பாதிக்குமேல் புரியவில்லை. ஆனால் லயத்தில் எல்லோருக்கும் கடிதம் வாசித்துக் காட்டுகிற படித்த ஆள் நான்தான். மனைவி பக்கத்தில் நிற்கும்போது தெரியாது என்று சொல்ல நாக்கு எழவில்லை. பெரிய மனிதன்போலத் தலையை ஆட்டிவிட்டேன்.

வெளியே வந்ததும் அவள் கேட்டாள்: “எல்லாம் சரியா வெளங்குச்சாங்க? ஒருவாட்டி திருப்பிக் கேட்டுருவமா?”

“நீ பேசாம வா” என்றேன்.

மண்சுவரும் தகரக் கூரையுமாக வீடு எழும்பியது. கதவு மட்டும் நல்ல பலாப் பலகையில், உள்தாழ்ப்பாளோடு. குடிபோன மறுநாள் விடியற்காலையில், வேலைக்குப் போக வேண்டியிருந்தும், தாழ்ப்பாளைத் திறக்காமல் அவள் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தாள். “ஒருத்தரும் தட்டலீங்க” என்று சிரித்தாள். அப்படி ஒரு சிரிப்பை அதற்கு முன்னும் நான் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை.

மூன்றாவது வருடம், காணியை விற்றவரின் தங்கை வந்தார். தூரத்து ஊரில் வாழ்க்கைப்பட்டுப் போனவர், புருஷனை இழந்து பிள்ளைகளோடு திரும்பியிருந்தார். அப்போதுதான் எனக்கு விஷயம் தெரிந்தது. அந்தப் பக்கத்தில் தகப்பன் காணியைப் பிள்ளைகள் பிரித்து எழுதிக்கொள்வதில்லை. ஆளுக்கொரு மூலையில் வேலி போட்டுக்கொள்வது அவர்களுக்குள் ஒரு பேச்சு, அவ்வளவுதான். நான் வாங்கியது வேலிக்குள் இருந்த நிலத்தை அல்ல. முழுக்காணியில் பிரிக்காத ஒரு பங்கை. உறுதியில் அப்படித்தான் எழுதியிருந்தது. நொத்தாரிசு அதைத்தான் வாசித்தார். யாரும் என்னை ஏமாற்றவில்லை.

வழக்காகி, அளந்து பிரித்தபோது வீடு நின்ற இடம் தங்கைக்குப் போனது. எனக்கு வந்தது தண்ணீர் ஏறாத பாறைச் சரிவு. வீட்டுக்கு ஈடாகத் தீர்ப்பில் கிடைத்த பணம் வழக்குச் செலவோடு தீர்ந்தது. நாங்கள் மறுபடி லயத்துக்கே கிளம்பினோம். எங்களைப் பார்த்து அந்த அம்மாவுக்கே கண் கலங்கிவிட்டது. கதவையாவது கழற்றிக்கொண்டு போங்கள் என்று தனக்குத் தெரிந்த தமிழில் சொன்னார்.

“லயத்துல அத எங்கம்மா மாட்டுறது?” என்றாள் என் மனைவி.

காணி வாங்கப் போகிறவர்களே, மண்ணை அப்புறம் பாருங்கள். முதலில் அக்கம்பக்கத்து வீடுகளுக்குப் போய், இதில் இன்னும் யார் யாருக்குப் பங்கு என்று கேளுங்கள். உறுதியை உங்கள் பாஷையில் சொல்லச் சொல்லுங்கள். விளங்காவிட்டால் விளங்கவில்லை என்று சொல்லுங்கள். நாலு பேர் சிரித்தால் சிரித்துவிட்டுப் போகட்டும்.

ஹாலிஎலை தாண்டிப் பதுளைக்குப் போகும்போது ரயிலிலிருந்து அந்த வீடு தெரிகிறது. கோயில் திருவிழாவுக்குப் போகிறபோதெல்லாம் என் மனைவி எழுந்து ஜன்னலோரம் போய் நிற்பாள். “கதவு தெறந்துதாங்க கெடக்கு” என்பாள், அல்லது “இன்னைக்குச் சாத்தியிருக்குங்க” என்பாள். என்னை அவள் ஒரு நாளும் குற்றம் சொன்னதில்லை. நான் டிக்கெட்டைத் தேடுவதுபோல் மடியைத் தடவிக்கொண்டிருப்பேன். அன்று வெட்கப்படாமல் ஒரு வார்த்தை திருப்பிக் கேட்டிருந்தால், எங்களுக்கென்று ஒரு கதவடியில் நின்று அவள் இந்த ரயிலைப் பார்த்துக்கொண்டிருப்பாள் என்ற நினைப்பு இன்றுவரை என்னை விடவில்லை.