கொதிக்கக் கொதிக்க ஏறிய உப்பு

மூன்று வருடங்களுக்கு முன்பு, பங்குனி மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை. மரக்காணம் உப்பளத்துக்குப் பக்கத்தில் என் தங்கை வீட்டில் நடந்தது இது. அந்த ஞாயிற்றுக்கிழமை எனக்குக் குரூப் நாலு தேர்வு. அதற்கு முன் இரண்டு முறை எழுதி, இரண்டு முறையும் ஒன்றிரண்டு மதிப்பெண்ணில் கோட்டை விட்டிருந்தேன்.

ஆனால் கணக்கில் என்னை யாரும் அசைக்க முடியாது என்று எனக்கு ஒரு தலைக்கனம் உண்டு. அதிலும் கலவைக் கணக்கு என்றால் அல்வா சாப்பிடுவது மாதிரி. பாலில் தண்ணீர் எவ்வளவு, இரண்டு விலை அரிசியை எந்த விகிதத்தில் கலப்பது, எதைக் கொடுத்தாலும் குறுக்கே இரண்டு கோடு போட்டு அரை நிமிடத்தில் விடை சொல்லிவிடுவேன். ஊரில் ஏழெட்டுப் பெண்கள் சாயங்காலம் சேர்ந்து படிப்போம். கலவைக் கணக்கு வந்தால் நோட்டு தானாக என் பக்கம் வந்துவிடும்.

தங்கை எட்டாவதோடு படிப்பை விட்டவள். உப்பளத்தில் வேலை. "விகிதம்னா என்னான்னு தெரியுமாடி உனக்கு?" என்று அவளைச் சீண்டிக்கொண்டே இருப்பேன். அவள் சிரித்துவிட்டுப் போய்விடுவாள். வெயில் ஏறுவதற்குள் உப்பு வாரியாக வேண்டும் என்பதால் விடிவதற்கு முன்பே கிளம்பிவிடுவாள். அவள் வீட்டுக்காரர் லாரி ஓட்டுகிறவர், வீட்டுக்கு வந்தால்தான் வந்தது. அதனால் நான் அவளோடுதான் தங்கியிருந்தேன், அவளுடைய ஒன்றரை வயதுப் பெண்குழந்தை பகலில் என் பொறுப்பு.

அன்று அவள் போன கொஞ்ச நேரத்திலேயே குழந்தைக்கு வயிற்றால் போக ஆரம்பித்தது. ஏழு மணிக்குள் நாலு தடவை போய்விட்டது. உப்பு சர்க்கரைத் தண்ணீர் கொடுக்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். ஒரு லிட்டருக்கு அரை ஸ்பூன் உப்பு, ஆறு ஸ்பூன் சர்க்கரை. பரீட்சைக்குப் படித்ததுதான். பாக்கெட் வாங்கலாம் என்றால் மருந்துக்கடை திறக்கவில்லை. குடிக்கிற கேன் தண்ணீர் காலி. கேன் வண்டி பத்து மணிக்கு முன்னால் வராது. நாலு வீடு தள்ளிப் போய்க் கேட்டிருந்தால் ஒரு குடம் கொடுத்திருப்பார்கள். நான் கேட்கவில்லை. எனக்குத்தான் எல்லாம் தெரியுமே!

போர் தண்ணீர் இருந்தது. எங்கள் பக்கம் அது குளிக்கவும் துணி துவைக்கவும்தான், வாயில் வைத்தால் கரிக்கும். கொதிக்க வைத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று பெரிய பாத்திரம் நிறையப் பிடித்து அடுப்பில் ஏற்றினேன். குழந்தை அசந்து தூங்கியது. கிருமி ஒன்றுகூட மிஞ்சக்கூடாது, நன்றாகக் கொதிக்கட்டும் என்று விட்டுவிட்டு அதன் துணிகளை அலசிப் போட்டேன். பிறகு நோட்டை எடுத்து உட்கார்ந்தேன்.

நான் அப்போது போட்டுக்கொண்டிருந்த கணக்கைச் சொன்னால் நீங்கள் நம்பமாட்டீர்கள். இருபது சதவீத உப்புக் கரைசல் ஐம்பது லிட்டர் இருக்கிறது, அது இருபத்தைந்து சதவீதமாக எத்தனை லிட்டர் தண்ணீர் ஆவியாக வேண்டும்? உப்பு பத்து, அது மாறாது. மொத்தம் நாற்பதாகக் குறைய வேண்டும். விடை பத்து. டிக் அடித்துவிட்டு எழுந்து போய்ப் பார்த்தேன். பாத்திரத்தில் மூன்றில் ஒரு பங்குதான் மிச்சம். சரியாக ஒரு லிட்டர் பாட்டில் நிறைந்தது. அளவு கச்சிதமாக இருக்கிறதே என்று சந்தோஷம் வேறு.

ஆறவைத்து, ஸ்பூனைக் கத்தியால் வழித்து, அரை ஸ்பூன் உப்பும் ஆறு ஸ்பூன் சர்க்கரையும் அளந்து போட்டேன். ஒரு சொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தேன். கரித்தது. உப்புத் தண்ணீர் கரிக்காமல் என்ன செய்யும் என்று விட்டுவிட்டேன்.

குழந்தை எழுந்ததும் கொடுத்தேன். மடக் மடக்கென்று குடித்தது. கொஞ்ச நேரத்தில் மறுபடி டம்ளரைக் காட்டி அழுதது. நீர் வற்றிப் போயிருக்கிறது, அதுதான் இந்தத் தாகம் என்று இன்னும் கொடுத்தேன். கொடுக்கக் கொடுக்க அழுகை அதிகமானது. உதடு காய்ந்து வெடித்தது. பத்து மணிக்குமேல் அந்த அழுகையே மாறிவிட்டது. பூனைக்குட்டி கத்துவது போல மெல்லிசாக, கீச்சென்று. தூக்கினால் விறைத்துக்கொண்டது, படுக்க வைத்தால் துவண்டது.

தங்கை போனை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போவாள். உப்பள மேஸ்திரி நம்பருக்கு அடித்தேன். கால் மணி நேரத்தில் யாருடைய வண்டியிலோ தொற்றிக்கொண்டு வந்து இறங்கினாள், முழங்கால்வரை உப்புச் சேறு. வந்த வேகத்தில் நாக்கு வறண்டு, அங்கே இருந்த டம்ளரை எடுத்து ஒரு வாய் ஊற்றிக்கொண்டவள், அப்படியே துப்பினாள்.

"இன்னாக்கா இது, உப்புப் பாத்தித் தண்ணி மாரி கரிக்குது! எந்தத் தண்ணில கலக்குன?"

"போர் தண்ணிதான்டி. ஒரு மணி நேரம் காய்ச்சித்தான் கலக்குனேன்."

அவள் முகம் வெளுத்துவிட்டது. "காய்ச்சினா உப்பு எங்கக்கா போவும்? நாங்க அங்க வெயில்ல பண்றத நீ அடுப்புல பண்ணி வச்சிருக்கியே!"

சின்ன வயதிலிருந்தே உப்பளத்தைப் பார்த்துக்கொண்டே வளர்ந்தவள் நான். நோட்டில் அந்தக் கணக்கு டிக்கோடு திறந்தே கிடந்தது. மூன்று பங்கு தண்ணீரின் உப்பை ஒரு பங்கில் அடைத்து, அதன்மேல் இன்னும் அரை ஸ்பூன் போட்டு, ஒன்றரை வயதுக் குழந்தைக்கு முக்கால் பாட்டில் ஊட்டியிருக்கிறேன்.

ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். வழியில் தங்கை குழந்தையின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே வந்தாள். அது கண்ணைத் திறக்கவில்லை.

டாக்டரம்மா பார்த்ததும், "லூஸ் மோஷனா? வீட்ல என்ன குடுத்தீங்க?" என்று கேட்டார். நர்ஸ் ஏற்கெனவே குளுக்கோஸ் பாட்டிலைத் தொங்கவிட்டு ஊசியைக் கையில் எடுத்துவிட்டார். உண்மையைச் சொல்லிவிடுகிறேன், "உப்பு சர்க்கரைத் தண்ணீர்" என்று மட்டும் சொல்லி நிறுத்தத்தான் என் வாய் போனது. பொய்யும் இல்லை, யாருக்கும் தெரியப்போவதுமில்லை. தங்கையைப் பார்த்தேன். அவள் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை, தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் எனக்காகச் சொல்லாமல் இருக்கிறாள் என்று புரிந்த நொடியில் எனக்கு அழுகை வெடித்தது. போர் தண்ணீர், மூன்றில் ஒரு பங்காகக் காய்ச்சியது, அதன்மேல் போட்ட உப்பு, முக்கால் பாட்டில், எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

டாக்டரம்மா நர்ஸின் கையைப் பிடித்து நிறுத்தினார். "இருங்க. இது வேற கேஸ். உடம்புல உப்பு ஏறியிருக்கும், வேகமா எறக்கினா மூளை வீங்கிடும்" என்றவர், என்னிடம் திரும்பி, "இத நீங்க சொன்னது நல்லதாப் போச்சு" என்றார். ரத்தம் எடுத்தார்கள், மருந்தை மாற்றினார்கள், ஆம்புலன்ஸில் பாண்டிச்சேரிக்கு அனுப்பினார்கள். அங்கே இரண்டு நாள் சொட்டுச் சொட்டாக உப்பை இறக்கினார்கள். என்ன ஆகும் என்று கேட்டால், பார்க்கலாம் என்பதற்குமேல் யாரும் சொல்லவில்லை. மூன்றாம் நாள் காலையில் குழந்தை கண்ணைத் திறந்து, தங்கையின் மூக்கைப் பிடித்து இழுத்தது. நான் வெளியே ஓடிப்போய் ஏங்கி ஏங்கி அழுதேன்.

ஞாயிற்றுக்கிழமைத் தேர்வை நான் எழுதவில்லை. அடுத்த முறை எழுதி வேலையும் கிடைத்துவிட்டது, அது வேறு கதை.

தங்கை என்னைத் திட்டுவாள் என்று ஒவ்வொரு நாளும் எதிர்பார்த்தேன். அவள் வீட்டுக்காரர் வந்தபோது அவரிடம் சொல்லித் திட்டு வாங்கித் தருவாள் என்றும் பயந்தேன். அவள் எதுவும் செய்யவில்லை. வீடு திரும்பிய பத்தாம் நாள், வழக்கம்போல விடிவதற்கு முன்பு எழுந்து வந்தாள். தூங்குகிற குழந்தையை என் பக்கத்தில் கிடத்தி, போர்வையை இழுத்துவிட்டு, "பாத்துக்கக்கா, வர்றேன்" என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போனாள். ஒரு எச்சரிக்கை இல்லை, ஒரு முறை திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அன்று அவள் என்னை நாலு வார்த்தை திட்டியிருந்தால், இத்தனை வருடத்தில் இதை நான் மறந்திருப்பேன்.