ஆறு மணிக்கு வர வேண்டியவர்

தெற்கு ஜெர்மனியின் எர்லாங்கனில் காலை ரயிலைப் பிடித்து, நண்பகல் தாண்டி ஆல்ப்ஸ் மலையடிவார ஊரான ஒபர்ஸ்ட்டோர்ஃபில் இறங்கினேன். தண்டவாளம் அந்த ஊரோடு முடிகிறது. சிற்றுந்து பள்ளத்தாக்கின் கடைசிக் குக்கிராமம்வரை போகும். அதற்குமேல் நடைதான். மூன்று மணி நேர ஏற்றம். ஆயிரத்து எண்ணூறு மீட்டர் உயரத்தில் மலையேறிகளுக்கான விடுதி. ஆறு மணிக்குள் வந்துவிடுவேன் என்று முன்பதிவின்போது சொல்லியிருந்தேன்.

நான்கரைக்கு இடி இடித்தது. ஐந்தரைக்குப் பாதையின் குறுக்கே ஓர் ஓடை வந்தது. வரைபடத்தில் நூல் போலிருந்த ஓடை, பழுப்பு நிறத்தில் கற்களை உருட்டிக்கொண்டு ஓடியது. அதைத் தாண்டினால் அரை மணி நேரத்தில் விடுதி. ஒரு மணி நேரம் மழையில் நின்றேன். விரல்கள் மரத்துப்போயின. இனிப் பொறுக்க முடியாது என்று ஒரு காலைத் தண்ணீரில் வைத்தேன். ஊன்றியிருந்த கோலை வெள்ளம் பறித்துக்கொண்டு போயிற்று.

அக்கரையிலிருந்து ஓர் ஆண் ஜெர்மனில் ஏதோ கத்தினார். இரைச்சலில் எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவருக்குப் பின்னாலிருந்து ஒரு பெண்ணின் குரல் வந்தது.

"அண்ணை, கடக்காதேங்கோ! காலை எடுங்கோ! அங்கையே நில்லுங்கோ!"

காலை எடுத்தேன்.

"ரொம்பக் குளிருதுங்க!"

"ஓம், தெரியும். கையைக் காலை ஆட்டிக்கொண்டு நில்லுங்கோ. மழை விட்டால் தண்ணி இறங்கும். நாங்கள் போகமாட்டம்."

மழை நின்றபின் தண்ணீர் இறங்க முக்கால் மணி நேரம் ஆயிற்று. அந்த ஆண் ஒரு கயிற்றை வீசினார். அதை இடுப்பில் கட்டிக்கொண்டு, முழங்கால் அளவுத் தண்ணீரில் கடந்தேன்.

அவர் விடுதிப் பொறுப்பாளர். பெண்ணின் பெயர் மெற்றில்டா. மன்னாரில் பிறந்து ஜெர்மனியின் எசன் நகரில் வாழ்பவர், கோடைக்கு இங்கே சமையல். காலணிகளை உலர்த்தும் அறையில் விட்டு, பருப்பு சூப்பைக் குடித்த பிறகுதான் எனக்குப் பேச்சு வந்தது.

"தமிழ்ப் பேரைப் பார்த்துட்டு வந்தீங்களா?"

"இல்லை அண்ணை. ஆறு மணிக்கு வாறன் எண்ட ஆள் வரேல்லை. ஆர் எண்டாலும் வந்திருப்பம்."

பன்னிரண்டு பேர் வரிசையாகப் படுக்கும் அறையில் எனக்கு ஓர் இடம். கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொண்டேன். பயம் அப்போதுதான் வந்தது.

எல்லைக் கணவாயைத் தாண்டி ஆஸ்திரியா போவது என் திட்டம். காலையில் அதைக் கைவிட்டேன். விருந்தினர் பதிவேட்டில் 'அடுத்த இடம்' என்ற கட்டத்தில் ஒபர்ஸ்ட்டோர்ஃப் என்று எழுதினேன். மெற்றில்டா எட்டிப் பார்த்தார்.

"எத்தனை மணிக்கு?"

"ஒரு மணிக்கு. போய்ச் சேர்ந்ததும் போன் பண்றேன்."

பன்னிரண்டே முக்காலுக்கு ரயில் நிலையத்திலிருந்து அழைத்தேன். பின்னணியில் பாத்திரங்களின் சத்தம்.

"வந்து சேர்ந்துட்டேங்க."

"சரி அண்ணை, சந்தோசம்" என்று வைத்துவிட்டார்.

எர்லாங்கனில் நான் தனியாகக் குடியிருக்கத் தொடங்கி ஆறு ஆண்டுகள் ஆகின்றன. நான் வீடு திரும்பும் நேரம் அங்கே எவருக்கும் தெரியாது.