அம்சவல்லி மேடத்துக்கு வந்த மதிப்பெண்

அம்சவல்லி மேடத்தின் வேலையைப் பறித்த கணக்கைப் போட்டவன் நான்தான். கம்ப்யூட்டர் போட்டது என்று கல்லூரி முதல்வர் சொல்வார், சொல்லிக்கொண்டிருக்கட்டும். ஒரத்தநாட்டுப் பக்கம் ஒரு தனியார் கல்லூரியில் நான் ஆபீஸ் உதவியாளன். மாணவர் கருத்துக் கணிப்பைத் தொகுத்து, ஆசிரியர் ஒவ்வொருவருக்கும் சராசரி போட்டு முதல்வர் மேசையில் வைப்பது என் வேலை.

மேடம் பதினான்கு வருடமாக எங்கள் கல்லூரியில் கணிதம் நடத்தினார். வருடா வருடம் ஜூனில் புது உத்தரவு வாங்க வேண்டிய தற்காலிக வேலை. அம்மா பொன்னுத்தாய் ஊரார் வயலில் நடவு நட்டுப் படிக்க வைத்தார். அவர்கள் தெருவில் முதல் எம்.எஸ்சி. மேடம்தான்.

அந்த வருடம் பக்கத்து ஊரில், கதிர் வரும் நேரத்தில் பயிரை மிதித்துக்கொண்டு எரிவாயுக் குழாய் பதிக்க இயந்திரம் வந்தது. ஊரே வயலில் பந்தல் போட்டு உட்கார்ந்துவிட்டது. இரண்டு கழகத்துக்காரர்களும் வந்து பிளெக்ஸ் கட்டி, போட்டோ எடுத்துக்கொண்டு போனார்கள். வாய்க்கால் தண்ணீருக்கு முறை வைப்பது போல ஊரார் காவலுக்கும் வீட்டு முறை வைத்தார்கள். ஆண்களைப் போலீஸ் அள்ளிக்கொண்டு போனதும் அந்த முறை பெண்பிள்ளைகள் தலையில் விழுந்தது. மேடத்தின் இரண்டாம் ஆண்டு வகுப்பில் முப்பத்தொரு பேர். அதில் இருபத்து நான்கு பேர் அந்த ஊர்ப் பெண்கள்.

வகுப்பு காலியானது. வேறு யாராவது இருந்தால் ஆப்சென்ட் போட்டுவிட்டு நிம்மதியாக டீ குடித்திருப்பார்கள். மேடம் மீதி ஏழு பேரையும் கூட்டிக்கொண்டு நாலு மணி டவுன் பஸ்ஸில் ஏறினார். வயல் பந்தலில் பிளெக்ஸ் ஒன்றைத் திருப்பிக் கட்டி, வெள்ளைப் பக்கத்தில் கரித்துண்டால் கணக்குப் போட்டார். இரண்டு மாதம் இப்படியே நடந்தது. தேர்வில் முப்பத்தொரு பேரும் பாஸ்.

பிறகு கருத்துக் கணிப்பு வந்தது. வகுப்பு கால அட்டவணைப்படி நடந்ததா? வகுப்பறையில் நடந்ததா? புரொஜெக்டர் பயன்படுத்தினாரா? எப்போதும் என்றால் ஐந்து, ஒருபோதும் இல்லை என்றால் ஒன்று. மேடத்தைப் பற்றிப் பொய் எழுதக் கூடாது என்று பிள்ளைகள் கூடிப் பேசி முடிவு செய்திருக்கிறார்கள். கேள்விக்குக் கேள்வி ஒன்று போட்டு, கீழே கருத்துக் கட்டத்தில் வயலில் நடந்த பாடத்தைப் பக்கம் பக்கமாக எழுதியிருந்தார்கள். படித்தபோது எனக்குக் கண் கலங்கியது. மேலே நிர்வாகத்துக்கு அனுப்பும் அறிக்கையில் கருத்துக்கு இடமே இல்லை. எண்களை மட்டும் ஏற்றினேன். மேடத்தின் மற்ற வகுப்புகளையும் சேர்த்துச் சராசரி இரண்டு புள்ளி ஒன்று. மூன்றுக்குக் கீழே வந்தால் மறு உத்தரவு கிடையாது.

செய்தி தெரிந்ததும் மேடம் என் மேசைக்கு ஓடிவந்தார்.

"பிள்ளைங்க எழுதினதையும் சேத்து அனுப்புங்க சார். நாப்பத்திரண்டு வயசாச்சு, இனிமே யார் சார் என்னைச் சேப்பாங்க? அம்மா என்னை வயல்ல இறங்கவே விட்டதில்லை. நாத்துப் பறிக்கக்கூடத் தெரியாது எனக்கு."

எல்லாவற்றையும் பிரிண்ட் எடுத்து அவரையும் அழைத்துக்கொண்டு முதல்வரிடம் போனேன். அவர் இரண்டு தாளைப் புரட்டிவிட்டு மூடினார்.

"இதை மேல அனுப்பினா போலீஸ்காரன் முதல்ல இந்தப் பொண்ணுங்க பேரைத்தான் கேப்பான். பந்தல்ல யார் யார் உக்காந்திருந்தாங்கன்னு தேதி வாரியா எழுதி வச்சிருக்குதுங்க. அனுப்பணுமா, நீங்களே சொல்லுங்கம்மா."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் அந்த மனுஷன் சொன்னதில் பொய் இல்லை. மேடம் தாள்கட்டை வாங்கி மடியில் வைத்துக் கடைசித் தாள் வரை புரட்டினார். பிறகு என்னிடம் நீட்டினார்.

"கிழிச்சிடுங்க சார்."

அங்கேயே கிழித்தேன்.

வெளியே வந்தால், பெண்கள் நாலைந்து பேர் வராந்தாவில் காத்திருந்தார்கள். முன்னால் நின்றவள் சுந்தரி, அந்த ஊர்ப் பெண். அவள் முகமெல்லாம் சிரிப்பு.

"மேம், நாங்க எழுதினதை ஆபீஸ்ல படிச்சாங்களா?"

மேடம் என் பக்கம் திரும்பவில்லை.

"படிச்சாங்கம்மா. நல்லா எழுதியிருந்தீங்க."

"அடுத்த வருஷம் இதைவிட நல்லா எழுதுறோம் மேம்."

சரி என்று மேடம் தலையாட்டினார்.