மேற்குத் துண்டின் மானியம்

நெட்டையார் என்றுதான் எல்லோரும் அவரைக் குறிப்பிடுவார்கள். ஆள் நல்ல உயரம். யாரிடமும் போய் நின்று எதையும் கேட்டதில்லை என்பதில் அவருக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு. தகப்பனார் இறந்ததும் அவரும் தம்பியும் நிலத்தைப் பாகம் பிரித்துக்கொண்டார்கள். கிழக்குத் துண்டு அவருக்கு. கிணற்றை ஒட்டிய மேற்குத் துண்டு தம்பிக்கு. பிரித்தது வாய்ப்பேச்சில்தான். இரண்டு துண்டுக்கும் பத்திரம் மூத்தவரான நெட்டையார் பெயரிலேயே இருந்தது.

பயிர் மானியம் பத்திரத்தில் உள்ள பெயருக்கே வரும். முதல் வருஷம் வங்கியில் பணம் ஏறியபோதே தன் துண்டுக்கு இது அதிகம் என்று அவருக்குத் தோன்றியது. ஏதோ கூட்டிப் போட்டிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டார். அடுத்த வருஷம் அப்படி நினைக்கக்கூட மெனக்கெடவில்லை. தனக்கு மட்டும் ஏன் வருவதில்லை என்று தம்பி கேட்டதற்கு, “கவர்மென்ட்டை நம்பியா உழுற? உன் கையை நம்பு,” என்று புத்தி சொன்னார்.

இந்த வருஷம் புது உத்தரவு. மானியப் பட்டியலைப் பொதுவில் வாசிக்க வேண்டும்; அந்த வயலில் பயிர் வைத்தது இன்னார்தான் என்று பக்கத்து வயல்காரர் எழுந்து சொன்ன பிறகே அடுத்த பெயர். பள்ளிக்கூடக் கூடத்தில் வேளாண் அலுவலர் அம்மா வாசித்தார். மேற்குத் துண்டுக்கு நெட்டையார் பெயர் வந்தது.

பக்கத்து வயல்காரர் எழுந்து தலையைச் சொறிந்தார். “அது அண்ணன் தம்பி விவகாரம்மா. நான் எதுக்கு நடுவுல? தம்பிக்காரனையே கேளுங்க.”

பின்வரிசையில் சிரிப்பு. தம்பி எழுந்தார். அண்ணன் பக்கம் பார்க்கவில்லை.

“சரிதாங்க. அண்ணன்தான் பயிர் வச்சாரு.”

“முதுகு ஒடிஞ்சது இவனுக்கு, பயிர் அவருக்காக்கும்,” என்றது ஒரு குரல்.

நெட்டையாருக்குக் காது சுட்டது. பேசாமல் இருந்தால் அத்தோடு முடிந்துவிடும் என்பதும் தெரிந்தது. எழுந்து நின்றார்.

“அம்மா, அது தப்பு. பயிர் வச்சது என் தம்பி. நான் அந்த வயல்ல இறங்கியே ரொம்ப வருஷமாச்சு.”

“அப்போ இதுக்கு முன்னால வந்த பணம்?”

“நான்தான் எடுத்துக்கிட்டேன்.”

“தெரிஞ்சா, தெரியாமலா?”

“தெரிஞ்சுதான்.”

அலுவலர் தம்பியிடம் திரும்பினார். “அப்புறம் நீங்க ஏன் மாத்திச் சொன்னீங்க? ரெண்டையும் எழுதியாகணும்.” முதலில் சொன்னது உண்மையல்ல என்று எழுதி, அதற்குக் கீழே தம்பியிடம் கையெழுத்து வாங்கினார்.

வெளியே படியருகில் தம்பி நின்றார்.

“உங்க மானம் போகக்கூடாதுன்னுதானேண்ணே சொன்னேன். ஊருக்கு முன்னால என்னைப் பொய்யன்னு கையெழுத்துப் போட வச்சிட்டீங்களே.”

“நாளைக்கே பத்திரத்தை உன் பேருக்கு மாத்திடறேன்டா.”

“அதை அப்பவே செஞ்சிருந்தா இவர் இன்னிக்குப் பொய் சொல்லியிருக்க வேண்டாமே, மாமா,” என்றாள் பக்கத்தில் நின்ற தம்பி மனைவி. குரலை உயர்த்தவில்லை.

மறுநாள் பதிவு அலுவலகத்துக்கு அண்ணனும் தம்பியும் ஒரே பேருந்தில்தான் போனார்கள். அண்ணன் நகர்ந்து இடம் விட்டார். தம்பி பார்த்துவிட்டு, கம்பியைப் பிடித்தபடி கடைசிவரை நின்றுகொண்டே வந்தார்.