சித்திக்குக் கதை தெரியாத படங்கள்

சித்தி வேலை மாறக் கிளம்பிய மாதத்தை நினைத்தால் அக்கா மகளுக்கு ஒரு பேச்சுதான் முதலில் ஞாபகம் வரும்.

"ஹீரோ செத்துட்டான். அதாவது தெரியுமா?" என்று ஒரு படம் முடிந்ததும் சித்தியிடம் கேட்டார் சித்தப்பா.

"தெரியும். சாகும்போது சட்டையோட மேல் பட்டன் போட்டிருந்துச்சு. தூக்கிட்டுப் போகும்போது கழண்டிருந்துச்சு."

"அவன் பொண்டாட்டி அழவே இல்லையே, கவனிச்சியா?"

"அவ ரவிக்கையோட கை மடிப்பைப் பாத்துட்டிருந்தேன்."

"நான் போனாலும் நீ என் பட்டனைத்தான் பாப்ப."

தையற்கடையில் வருடக்கணக்காகச் சட்டை தைத்த சித்தி, சினிமா உடைப் பிரிவில் சேர ஒரு மாதம் விடுப்பு எடுத்திருந்தாள். காலையில் உடையலங்காரப் புத்தகம். அது ஆங்கிலத்தில் இருந்ததால் அக்கா மகள் வாசித்து அர்த்தம் சொல்வாள். மாலையில் படம். மாதக் கடைசியில் நேர்காணல். அது கைநழுவினால் பழைய கடைக்கே போய் நிற்க வேண்டியதுதான்.

நேர்காணலுக்குச் சில நாள் முன்பு உடைப் பிரிவின் தலைவி போனில் பேசினார்.

"தையல் இங்க எல்லாருக்கும் தெரியும்மா. ஏதாவது ஒரு படத்துல ஒரு ஆள் ஏன் அந்த உடுப்பைப் போட்டிருக்கார்னு நீங்க சொல்லணும்."

சித்தியின் முகம் தொங்கிப்போயிற்று. பார்த்த படங்களில் ஒன்றின் கதைகூட அவளுக்குத் தெரியாது. ஆனால் மூலையில் உட்கார்ந்து புலம்புகிற ரகம் இல்லை அவள். முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து, முதலில் பார்த்த படத்தையே மறுபடி போட்டாள்.

"யாரு எதுக்கு என்ன செய்றாங்கன்னு நீ சொல்லிக் குடுத்துடாதடி," என்றாள் அக்கா மகளிடம். "நானே கண்டுபிடிக்கிறேன். எந்திரிச்சுப் போகாம பக்கத்துல மட்டும் உக்காரு."