வெள்ளிக்கிழமை மூன்று மணி விருந்து

சுவிஸின் லாங்கன்தால் ஊரில் ஒரு முதியோர் இல்லத்துச் சமையலறையில் என்னோடு வேலை செய்யும் எரித்திரியாக்காரி ஒருநாள் என்னை வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டாள். எங்கள் இருவருக்கும் பொது மொழி டொச்சு என்கிற அரைகுறை ஜெர்மன்தான். "வெள்ளிக்கிழமைதான் வரவேணும். மூண்டு மணிக்கு" என்றாள். சனிக்கிழமை வரட்டுமா என்று கேட்டேன். வெள்ளிதான் என்று ஒற்றைக்காலில் நின்றாள். மத்தியானச் சாப்பாட்டை மூன்று மணிக்கு யார் போடுவார்கள்? அப்போதே எனக்குச் சந்தேகம் தொடங்கிவிட்டது.

வெள்ளி எனக்கு மரக்கறி. மகள் குறைமாதத்தில் பிறந்து கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்தபோது நேர்ந்துகொண்டது. அவளுக்கு இப்போது பதினொரு வயது. ஒரு வெள்ளிகூடத் தவறவில்லை. ஆனால் வேலையிடத்தில் என்னோடு சிரித்துக் கதைக்கிறவள் இந்த எரித்திரியாக்காரி ஒருத்திதான். அவளை இழக்கவும் மனமில்லை.

"அவையள் எல்லாத்துக்குள்ளையும் மாடு போடுவினம். கவனமாப் பாத்துச் சாப்பிடும்" என்று என் கணவர் வேறு எரிகிற நெருப்பில் எண்ணெய் ஊற்றினார். வெறுங்கையோடு போகக்கூடாதென்று நெய் மணக்க ரவை லட்டு பிடித்து எடுத்துப் போனேன்.

வீடு முழுக்கக் கோப்பிக்கொட்டை வறுத்த புகை. அதுகூட ஏதோ மணத்தை மறைக்கத்தான் என்று நினைத்தேன். பெரிய தட்டு நிறையப் புளித்த தோசை போல ஒன்றை விரித்து, நடுவில் சிவப்பாய்க் கெட்டிக் குழம்பு ஊற்றியிருந்தாள். இருவருக்கும் ஒரே தட்டு.

"இதுக்குள்ள என்ன?"

"கடலை மா, வெங்காயம், மிளகாய்த்தூள்."

"வேறை?"

"வேறை ஒண்டுமில்லை."

நான் நம்பவில்லை. முன்பு வேலை செய்த உணவகத்தில் மரக்கறிச் சூப்புக்குள் மாட்டெலும்புத் தூளை ஒரு கரண்டி போட்டவளே நான்தான். ஓரத்தைப் பிய்த்து மணந்து பார்த்தேன். அவள் கவனித்துக்கொண்டிருந்தாள். பிறகு பெரிய துண்டாகப் பிய்த்து, குழம்பில் தோய்த்து உருட்டி, என் வாய்க்கு நேரே நீட்டினாள். விருந்தாளிக்கு முதல் பிடி வீட்டுக்காரியின் கையால்தானாம். பிடி எவ்வளவு பெரிதோ அவ்வளவு அன்பாம்.

நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். "வயிறு சரியில்லை" என்றேன். அவள் கை கொஞ்ச நேரம் அப்படியே நின்றது. பின் அந்தப் பிடியைத் தட்டின் ஓரத்தில் வைத்தாள்.

அப்போதுதான் என் லட்டுப் பெட்டி கண்ணில் பட்டது. ஒன்றுகூடக் குறையாமல் மூடி, அலமாரிக்கு மேலே ஏற்றியிருந்தாள். எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. என் கைச் சாப்பாடு அவ்வளவு இளக்காரமா?

"ஏன், நீ ஒண்டும் எடுக்கேல்லை?"

"நெய் மணக்குது. வெள்ளியில எங்கட கோயில் வழக்கப்படி இறைச்சி, பால், நெய் ஒண்டும் கூடாது. மூண்டு மணி வரைக்கும் பட்டினி. லட்டு நாளைக்குத்தான்." பிறகு சொன்னாள்: "நீயும் வெள்ளியில இறைச்சி தொடுறேல்லை எண்டு கவனிச்சனான். அதுதான் இண்டைக்குக் கூப்பிட்டனான்."

வெட்கத்தில் முகம் எரிந்தது. இரண்டு வருடமாக வேலையிடத்தில் ஒரே சாப்பாட்டு மேசையில் இருக்கிறோம். அவள் என் தட்டைப் பார்த்திருக்கிறாள். வெள்ளி மத்தியானங்களில் அவளுக்கு முன்னால் தட்டே இருந்ததில்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

"வயிறு இப்ப சரி" என்று வாயைத் திறந்தேன்.

அவள் கை உடனே எழவில்லை. இந்தமுறை அவள்தான் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு புதிதாக ஒரு பிடி உருட்டித் தந்தாள், முன்னதைவிடச் சின்னதாக.